பிரிப்பதற்கென்றே ஒட்டுகிறவர்கள்



ஜப்பானிய எழுத்துச் சுருள்கள் எப்படி உருவாகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தமக்குப் பிடித்த சொல்லைத் தமக்கு வேண்டிய அளவில் எழுதச் சொல்லி, சுற்றிலும் பட்டுக்கரை கட்டிச் சுவரில் தொங்கவிடுகிறாரே, அந்தச் சுருள்கள். தலைப்பைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் மனத்தில் என்ன தோன்றியிருக்கும்? நரைத்த தாடி, பருத்த தூரிகை, கறுப்பு மை, ஒரே வீச்சில் ஓர் எழுத்து! திரைப்படங்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. அந்த வீச்சைப் பற்றிக் கொஞ்சம் பேசுவேன். மீதி நேரமெல்லாம் பசையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஆம், பசைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழெழுத்து வரி ஒன்றை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சில நிமிடங்கள் ஆகலாம். அந்தத் தாளை ஒரு சுருளாக ஆக்க எவ்வளவு காலம் ஆகும்? நல்ல பட்டறையில் மாதக்கணக்கு. நிமிடங்களுக்கு உரியவர் தாளின் இடது ஓரத்தில் கையொப்பமிட்டுச் சிவப்பு முத்திரையும் குத்திவிட்டுப் போகிறார். மாதங்களுக்கு உரியவரின் பெயர் எங்கே? சுருளின் முகத்தில் தேடுங்கள், கிடைக்காது. அந்தப் பெயரில்லாத ஆளுக்கு ஜப்பானில் ஹியோகுஷி என்று பெயர். தாளுக்கு முதுகு கட்டி, பட்டு பூட்டி, கோல் பொருத்துகிறவர். இன்றைய பேச்சு அவருக்கு உரியது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். உங்கள் எதிரே ஒரு கக்கேஜிக்கு, அதாவது தொங்கு சுருள், தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுத்துத் தாள். அதன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒட்டினாற்போல் மெல்லிய ஜரிகைப் பட்டை ஒன்று. சுருளிலேயே விலை உயர்ந்த துணி பெரும்பாலும் அதுதான். அதையும் சேர்த்துச் சுற்றிலும் வேறொரு பட்டு. அதற்கும் மேலும் கீழும் அமைதியான நிறத்தில் இன்னொரு துணி: மேலே இருப்பதற்கு வானம் என்றும், கீழே இருப்பதற்கு மண் என்றும் பெயர். வானம் மண்ணைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீளம் இருப்பது வழக்கம். ஏன்? பாய் விரித்த தரையில் மண்டியிட்டு அமர்ந்து அண்ணாந்து பார்க்கிற கண்ணுக்கு அப்போதுதான் எழுத்து நடுவில் நிற்கும் என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு எழுத்து கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் தெரிந்தால், குற்றம் சுருளின் மேல் இல்லை.

மேலிருந்து இரண்டு ஒல்லியான பட்டு நாடாக்கள் தொங்கும். அவை எதற்கு? சீனத்தில் சுருள்களை வெளித் தாழ்வாரங்களில் தொங்கவிட்ட காலத்தில், தகைவிலான் குருவிகள் வந்து எச்சமிடாமல் இருக்கக் காற்றிலாடும் நாடாக்களைக் கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. குருவிகள் போய்விட்டன, நாடா நின்றுவிட்டது. உச்சியில் அரைவட்டக் கோல், அடியில் உருண்டைக் கோல். அடிக்கோலின் இரு முனைகளிலும் மரத்தாலோ அரக்காலோ பீங்கானாலோ ஆன குமிழ்கள். சுருட்டும்போது கை பிடிக்கிற இடம் அது. அந்த எடைதான் சுருளை நேராக நிற்கவும் வைக்கிறது.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது இதற்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

1124ஆம் ஆண்டு சீனத்தில் யுவான்வு கெச்சின் என்ற சென் பௌத்தத் துறவி தம் மாணவருக்கு ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். நீ பயின்றுவிட்டாய், இனி நீ மற்றவர்க்குக் கற்பிக்கலாம் என்கிற வகைச் சான்று. அந்தத் தாள் எப்படியோ கடல் கடந்து ஜப்பானுக்கு வந்தது. எப்படி வந்தது? ஒரு மரக்குழாய்க்குள் கிடந்து அலையில் மிதந்து, சத்சுமா நாட்டின் போனோட்சு கரையில் ஒதுங்கியது என்கிறது கதை. அதனால் அதற்கு "மிதந்து வந்த எங்கோ" என்று பெயர்; எங்கோ என்பது யுவான்வுவின் பெயரை ஜப்பானியர் சொல்லும் விதம். பின்னர் தாத்தே மசமுனே என்ற பெரும் பிரபு அதில் பங்கு கேட்டாராம். தேநீர்க் கலைஞர் ஃபுருதா ஒரிபே அதை இரண்டாக வெட்டிக் கொடுத்தாராம். இன்று முன்பாதி தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் நாட்டுச் செல்வமாக இருக்கிறது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? யுவான்வு சுவரில் மாட்டுவதற்காகவா எழுதினார்? அவர் எழுதியது ஒரு சான்றிதழ். மாணவர் மடித்தோ சுருட்டியோ வைத்துக்கொள்ள வேண்டிய தாள். அதைச் சுவரில் தொங்குகிற பொருளாக்கியது யார்? பட்டு வெட்டியவர், பசை பூசியவர், கோல் பொருத்தியவர். துறவி இக்கியூ தம்மிடமிருந்த யுவான்வுவின் எழுத்து ஒன்றைத் தேநீர்க் கலைஞர் முராத்தா ஷுகோவுக்குக் கொடுத்தார், ஷுகோ அதைத் தேநீர் அறையில் மாட்டினார், எழுத்தை மாட்டும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது என்று தேநீர்க்காரர்கள் சொல்வார்கள். அவருக்குப் பின்வந்த சென் நோ ரிக்யூ, 1591இல் மறைந்தவர், அறையிலுள்ள பொருள்களில் சுருளுக்கே முதலிடம் கொடுத்தார் என்பது மரபு. இன்றும் தேநீர் அறைக்குள் நுழைகிற விருந்தினர் முதலில் எங்கே போகிறார்? அடுப்பிடமா? விருந்தளிப்பவரிடமா? சுருள் தொங்கும் தொக்கோனோமா என்ற மாடத்தின் முன் போய் அமர்ந்து தலைவணங்குகிறார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, இது பெரியவர்கள் கதை. சாதாரண மனிதர் தமக்கென்று ஒரு சுருள் செய்துகொள்வது உண்டா?

உண்டு. அதற்கு நான் அறிந்த மிக அழகான எடுத்துக்காட்டு ஷிக்கோக்கு தீவில் இருக்கிறது. அந்தத் தீவைச் சுற்றி எண்பத்தெட்டுக் கோயில்கள். நடந்தால் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கூக்காய் என்ற மகானின் தடத்தில் போகிற யாத்திரை அது. கூக்காய் 774 முதல் 835 வரை வாழ்ந்தவர். ஜப்பானின் தலைசிறந்த எழுத்துக் கலைஞர் மூவரில் ஒருவராக எண்ணப்படுபவர். சீனத் தலைநகரில் இந்தியத் துறவி ஒருவரிடமும் பாடம் கேட்டு, சித்தம் என்ற நம் நாட்டு எழுத்து முறையை ஜப்பானுக்கு எடுத்துச் சென்றவர். இன்றும் ஜப்பானில் அந்த எழுத்தில் எழுதிய சுருள்களைக் காணலாம்.

யாத்திரிகர் சிலர் வெறும் பட்டுத் துணி ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். நடுவில் கூக்காயின் உருவம், சுற்றிலும் எண்பத்தெட்டுக் காலியிடங்கள். ஒவ்வொரு கோயிலிலும் போய் வழிபட்டு, எழுத்தறைச் சன்னலில் அந்தத் துணியை நீட்டினால், உள்ளே இருப்பவர் தூரிகையை மையில் தோய்த்து விறுவிறுவென்று எழுதி, மூன்று சிவப்பு முத்திரைகளைக் குத்தித் தருவார். மை காய வேண்டுமே! சன்னலோரத்தில் தலைமுடி உலர்த்தும் கருவி இருக்கும். எழுதிய எழுத்து ஈரமாக மின்ன, அதன்மேல் அந்தக் கருவி இரைந்துகொண்டிருக்கும். எனக்கு இது குறையாகவே படவில்லை. நிறைய பேர் வரிசையில் நிற்கிறார்கள், மை காய வேண்டும், அவ்வளவுதான்.

எண்பத்தெட்டும் முடிந்து, கூக்காயின் கோயா மலைக்கும் போய் வணங்கிய பிறகு அந்தத் துணி எங்கே போகிறது? ஹியோகுஷியின் கடைக்கு. அவர் அதற்கு முதுகு கட்டிச் சுருளாக்கித் தருகிறார். வீட்டில் ஒருவர் இறந்தால், முன்னோரை வழிபடும் நாள் வந்தால், அந்தச் சுருள் வெளியே வரும். நடந்தவர் தாத்தாவாக இருக்கலாம். அதன் முன் அமர்வது பேரனாக இருக்கலாம். எண்பத்தெட்டுக் கைகள் எழுதிய ஒரு சுருள், ஒருவர் காலால் சம்பாதித்தது! விரும்பிச் செய்துகொண்ட சுருளுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் இரவு, பெயரைத் தூரிகையால் எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதும் அங்கே பழைய வழக்கம். இப்போது பேரக் குழந்தையின் பெயரைச் சிறு சுருளாகவே செய்து பரிசளிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் பெயரை ஒலிப்படி எழுதி வாங்குகிறார்கள். வாங்கட்டும். பெயரை எழுதிக்கொள்ள ஆசைப்படாதவர் யார்?

இப்போது நீங்களே ஒரு சுருள் செய்யச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பு எங்கே தொடங்குகிறது? சொல்லிலா? இல்லை, சுவரில். எங்கே தொங்கப் போகிறது, எவ்வளவு உயரத்தில், எத்தனை அடி தூரத்திலிருந்து பார்ப்பார்கள், பார்ப்பவர் உட்கார்ந்திருப்பாரா நிற்பாரா? ஒற்றை வரிச் சுருளுக்கு வழக்கமான தாள் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் அகலமும் 136 சென்டிமீட்டர் நீளமும் உடையது. பட்டும் சேர்ந்தால் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். நம் அடுக்ககத்து வரவேற்பறையில் அதை மாட்டினால் அடிக்கோல் சோபாவின் முதுகில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சுவரை அளக்காமல் சொல்லைத் தேடாதீர்கள்.

அடுத்தது எழுத்தின் நடை. ஒவ்வொரு கோடும் தனித்தனியே நிமிர்ந்து நிற்கிற நேர்நடை உண்டு. கோடுகள் ஒன்றையொன்று தொட்டு ஓடுகிற நடை உண்டு. படித்தவர்க்கே சில வேளை பிடிபடாத, புல்போல் சாய்ந்து நெளிகிற நடையும் உண்டு. கவனியுங்கள்: சுருள் கட்டுவதிலும் இதே மூன்று பெயர்களில் மூன்று முறைகள் இருக்கின்றன. புத்தர் உருவத்துக்கும் திருப்பெயருக்கும் நேர்முறை, நாற்புறமும் பட்டு சூழ. பொதுவான படத்துக்கும் எழுத்துக்கும் நடுமுறை. தேநீர் அறைக்கு இரண்டு பக்கமும் கரை ஒல்லியாக, ஆடம்பரம் குறைந்த புல்முறை. எழுதுகிறவரின் இலக்கணமும் கட்டுகிறவரின் இலக்கணமும் ஒரே சொற்களில் பேசுகின்றன.

எழுதுகிறவர் ஒரே தாளில் முடித்துவிடுவதில்லை. அடுக்கடுக்காக எழுதித் தள்ளுவார். அதில் ஒன்றை எடுப்பார். எதைப் பார்த்து எடுக்கிறார்? எழுத்தைப் பார்த்து மட்டுமல்ல. எழுத்துக்கு இடையே நிற்கும் வெண்மையைப் பார்த்து. கையொப்பம் எங்கே இறங்குகிறது, சிவப்பு முத்திரை அந்தக் கறுப்பை எங்கே நிறுத்துகிறது என்று பார்த்து. பிறகு அந்தத் தாள் கைமாறுகிறது.

இங்கேதான் முதல் கண்டம்! கண்டம் என்றே சொல்கிறேன். சுருள் கட்டுவதென்றால் தாளை நனைத்தாக வேண்டும். நனைத்தால் எழுத்து என்ன ஆகும்? நல்ல மைக்கட்டி என்பது எண்ணெய்ப் புகைக் கரியும் விலங்குப் பசையும் சேர்த்துப் பிசைந்தது. நாராவில் 1577 முதல் மை செய்துவருகிற கோபாய்யென் போன்ற நிறுவனங்கள் குளிர்மாதங்களில்தான் அதைச் செய்கின்றன. வெயிலில் விலங்குப் பசை அழுகிவிடும். அந்தக் கட்டியைக் கல்லில் அன்றைக்கே உரைத்து எழுதினால், பசை கரியைத் தாளோடு பிடித்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தபின் ஈரத்தைத் தாங்கும். நேற்று உரைத்து மீந்த மையில் எழுதினால்? அதன் ஓரக்கசிவு அழகாக இருக்கும் என்று விரும்பி எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் பசையின் பிடி தளர்ந்துவிட்டது. தண்ணீர் பட்ட கணத்தில் கறுப்பு வெள்ளைக்குள் ஓடும். புட்டி மையில் சில ரகங்கள் தாங்கும், சில தாங்கா. காயாத சிவப்பு முத்திரையும் அப்படித்தான்.

கியோட்டோவில் ஒரு பட்டறையில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதியவர் ஒருவர் தாளின் ஓரத்தில், எழுத்தின் வால் முடிகிற இடத்தில், ஈரப் பஞ்சு முனையால் ஒரு புள்ளி தொட்டார். மேலே சிறு வெள்ளைத் தாளை வைத்து விரலால் அழுத்தினார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தாளில் சாம்பல் நிற நிழல் விழுந்திருந்தது. ஒன்றும் பேசாமல் அந்த எழுத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார். இது எப்போது ஆகும் என்று கேட்டேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தவர் பெயர் பெற்றவர், கேட்டவர் அவசரக்காரர். முதியவருக்கு இரண்டு பேரைப் பற்றியும் கவலை இல்லை.

மை தாங்கும் என்று தெரிந்துவிட்டது. இனித்தான் பட்டு. சுவரோடு சாய்த்து வைத்த எழுத்தின் ஓரத்தில் ஒவ்வொரு பட்டாக மடித்து வைத்துப் பார்ப்பார்கள். துணி துணியாக இழுத்துப்போட்டுத் தரை முழுக்கக் குவிந்துவிடும். இந்தக் கூடத்திலுள்ள தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை! கறுப்பு எழுத்துக்கு எதிரே சிவப்பு ஜரிகை போட்டால் கண் ஜரிகைக்குத்தான் போகும். நல்ல ஹியோகுஷி எழுத்தின் குரலைவிடத் தம் பட்டின் குரல் உயராமல் பார்த்துக்கொள்வார். கியோட்டோவில் பக்கத்திலேயே நிஷிஜின் பகுதிப் பட்டு நெசவாளர்கள், சுற்றிலும் கோயில்கள், தேநீர்ப் பள்ளிகள். அங்கே இந்தத் தொழில் ஊன்றியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1997இல் அரசு கியோட்டோ முறையை மரபுக் கைத்தொழிலாக அறிவித்தது.

இப்போது வருகிறேன், பசைக்கு.

நம் ஊரில் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மைதாவைக் காய்ச்சுகிறார்கள். வாளியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து, தென்னை மட்டையால் அடித்துவிட்டுப் போனால், மழையே வந்தாலும் சுவரொட்டி அசையாது. பிய்த்தால் சுவரின் சுண்ணாம்போடு வரும். ஹியோகுஷியின் பசையும் கோதுமைதான். ஆனால் அவர் மாவைப் பிசைந்து கழுவிக் கழுவி, அந்த இழுபறியான சவ்வை எல்லாம் எடுத்துவிட்டு, வண்டலாக நிற்கிற மாச்சத்தை மட்டும் காய்ச்சுகிறார். ஏன் அந்தச் சவ்வை எடுக்க வேண்டும்? பிடி குறைய வேண்டும். பூச்சியும் வரக்கூடாது.

அதுவும் போதாது. ஆண்டின் மிகக் கடுமையான குளிர் நாள்களில், சனவரி கடைசியை ஒட்டி, பெரிய கொப்பரையில் பசை காய்ச்சி, சாடிகளில் ஊற்றி, மேலே தண்ணீர் விட்டு மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், பெரும்பாலும் தரைக்கு அடியில், வைக்கிறார்கள். எத்தனை நாள்? பத்து ஆண்டு! ஒவ்வொரு குளிர்காலமும் சாடியைத் திறந்து, மேலே படர்ந்த பூஞ்சணத்தை வழித்து, தண்ணீரை மாற்றி, மறுபடி மூடுகிறார்கள். பத்தாண்டு கழித்து என்ன கிடைக்கிறது? புளித்த வாடையுள்ள, அநேகமாக ஒட்டவே ஒட்டாத ஒரு பசை. ஒட்டாத பசைக்காகப் பத்தாண்டு காத்திருக்கிற தொழில் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சுருள் என்பது சுருள வேண்டிய பொருள். கெட்டிப் பசை போட்டால் காய்ந்து விறைக்கும். விறைத்ததைச் சுருட்டினால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிரும். ஆகவே பிடி மென்மையாக இருக்க வேண்டும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு ஒருமுறை சுருளைப் பிரித்து, பழைய முதுகை உரித்து, புதுமுதுகு கட்ட வேண்டிவரும். அப்போது வருகிறவர், இன்னும் பிறக்காத ஒருவர், ஈரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தாளைப் பிரிக்க முடிய வேண்டும். பிரிக்க முடிய வேண்டும்! இந்தத் தொழிலின் ஒவ்வொரு முடிவும் அந்த ஒரு தேவையிலிருந்து வருகிறது.

முதுகு எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். எழுத்துத் தாளைக் கவிழ்த்துப் போட்டு, ஈரம் தெளித்து, தூரிகையால் சுருக்கமில்லாமல் நீவுகிறார்கள். முதல் முதுகு, மீனோ பகுதியின் மெல்லிய தாள். மல்பெரி இனத்துக் கோசோ செடியின் நாரில் செய்தது, ஒளி ஊடுருவும். இது தாளின் தோலோடு ஒட்டுவது. இதற்கு மட்டும் புதுப்பசை. பட்டுத் துணிகளுக்கும் தனித்தனியே முதுகு உண்டு. தாள் ஒரு விதமாக விரியும், பட்டு வேறு விதமாகச் சுருங்கும். இரண்டும் ஒரே போக்குக்கு வராவிட்டால் தொங்கும்போது சுருளின் ஓரம் உள்ளே வளைந்துவிடும். அந்தச் சமரசத்தைச் செய்வது முதல் முதுகு.

இரண்டாம் முதுகு யோஷினோ மலைப்பகுதியின் மிசு தாள். கிளிஞ்சல் மாவு கலந்த மெத்தென்ற தாள். இங்கேதான் பத்தாண்டுப் பசை வருகிறது. தண்ணீர்போல் கரைத்துப் பூசுகிறார்கள். அதுதான் ஒட்டாதே, பின்னே எப்படி நிற்கும்? அடித்து நிற்க வைக்கிறார்கள். பனை இனத்து நாரில் செய்த கனத்த தூரிகை ஒன்று. தூரிகை என்பதைவிட நார்க்கட்டை என்பது பொருந்தும். அதை நேர்க்குத்தாகப் பிடித்து, டொக் டொக் டொக்கென்று, வரிசை வரிசையாக, ஓர் அங்குலம் விடாமல் தாளின் முதுகில் அடிக்கிறார்கள். நாரின் முனைகள் இறங்கி, ஒரு தாளின் இழையை இன்னொன்றின் இழையோடு கோத்துவிடுகின்றன. அடி கூடினால் தாள் கிழியும், குறைந்தால் முதுகு பெயரும். பட்டறைக்கு வெளியே தெருவிலேயே அந்தச் சத்தம் கேட்கும்.

எழுத்தும் பட்டும் இணைந்தபின் கடைசி முதுகு. அதே யோஷினோவின் உதா என்ற தாள், அந்த மண்ணின் வெள்ளைக் களிமண் கலந்தது. பிறகு எல்லாவற்றையும் பெரிய பலகை ஒன்றில், ஓரங்களில் மட்டும் பசை வைத்து, மேளத்தோல்போல் இழுத்து ஒட்டிக் காயவிடுகிறார்கள். அந்தப் பலகை மரச்சட்டத்தின் மேல் தாள் அடுக்கி, பெர்சிமன் காயின் துவர்ப்புச் சாறு பூசியது. ஈரம் உறிஞ்சும், ஆனால் தாளைப் பிடித்துக்கொள்ளாது. நம் பனிச்சை மரமும் அதே இனந்தான். அதன் காய்ச்சாற்றை இந்த நாட்டுக் கடற்கரைக்காரர்கள் மீன்வலைக்கும் படகுக்கும் பூசினார்கள். துவர்ப்பின் பயனை இரண்டு நாட்டாரும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

பலகையில் எத்தனை நாள் இருக்க வேண்டும்? வாரக்கணக்கு என்பார்கள், மாதக்கணக்கு என்பார்கள். பொறுமைசாலிகள் மழைக்காலம் ஒன்றும் வறண்ட காலம் ஒன்றும் கடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும், வறட்சியில் எப்படி நடந்துகொள்ளும் என்று பலகையிலேயே தெரிந்துவிட வேண்டும். உரியவர் வீட்டுக்குப் போனபின் தெரியக்கூடாது. கடைசியில் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடி மணிகள் கோத்த மாலையால் முதுகை அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். முதுகு வழவழக்கும், சுருள் இணங்கும். பிறகுதான் கோலும் குமிழும் கயிறும்.

இவ்வளவு பாடுபட்டுப் பிரிக்க வசதியாகக் கட்டுகிறார்களே, பிரிக்க வேண்டிய நாள் உண்மையிலேயே வருமா? வந்தது. கேளுங்கள்.

1637ஆம் ஆண்டு. கியோட்டோவில் தாய்மோஞ்சியா என்ற பெரும் வணிகர் வீடு. அவர்களிடம் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீனத் துறவி ஷுதாங் ஷியூ எழுதிய எழுத்துச் சுருள் ஒன்று இருந்தது. ஜப்பானியர் அவரைக் கிதோ என்பார்கள். அந்த வீட்டுப் பணியாள் ஒருவன் சரக்கறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டான். சுருளைக் கிழித்தான். தன்னையும் மாய்த்துக்கொண்டான். அவனுக்கு என்ன நேர்ந்ததோ, வீட்டின் செல்வத்திலேயே எது விலை மதிப்பற்றது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது பொன் அல்ல, அந்தத் தாள்.

கிழிந்த எழுத்து அதோடு முடிந்ததா? இல்லை. யாரோ ஒரு ஹியோகுஷி அந்தத் துண்டுகளை எடுத்தார். இழையோடு இழை சேர்த்தார், முதுகு கட்டினார், பட்டு பூட்டினார். அது பிற்காலத்தில் பெரும் தேநீர் அறிஞரான பிரபு மட்சுதைரா ஃபுமாயின் கைக்குப் போனது. இன்று அதுவும் தோக்கியோ அருங்காட்சியகத்தில் நாட்டுச் செல்வம். "கிழிந்த கிதோ" என்றே அதற்குப் பெயர். எழுதியவர் பெயர் தெரியும். வைத்திருந்தவர் பெயர் தெரியும். பின்னால் வாங்கியவர் பெயர் தெரியும். சேர்த்தவர் பெயர்? கதை சொல்கிறவர்கள் யாரும் அவரைச் சொல்வதில்லை.

இந்தப் பழைய தொழிலுக்கு வேலை ஜப்பானில் மட்டும் இல்லை. வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் கிழக்காசியச் சுருள்களைப் பேணும் பட்டறை 1932 முதல் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஹிராயாமா பட்டறை 1994இல் திறந்தது. அங்கே பாய் விரித்து, தாழ்ந்த மேசை போட்டு, தரையில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோ ஜப்பானின் மரக் கட்டடக் கலைத் திறன்களை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, தச்சு, கூரை வேய்தல், பாய் முடைதல் இவற்றோடு சுருள் சீர்செய்யும் திறனும் உள்ளே வந்தது.

ஆனால் இன்று விலை கொடுத்து நீங்கள் வாங்கும் சுருள்களில் மிகப் பல இப்படிச் செய்தவை அல்ல. வெப்பத்தில் உருகும் பசைப் படலம் ஒன்றை நடுவில் வைத்து, எந்திரத்தில் அழுத்தி எடுத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடிகிறது. ஈரம் தேவையில்லை, ஆகவே மை ஓடும் பயமும் இல்லை. நான் அதை இகழ மாட்டேன். பள்ளிப் பிள்ளை கண்காட்சிக்கு எழுதியதை மாட்ட அது போதும். நேற்று உரைத்த மையில் எழுதியதற்கு அதுவே நல்லது என்றுகூடச் சொல்வேன். ஆனால் தாத்தா நடந்து வாங்கிய எண்பத்தெட்டு முத்திரைகளை அதில் கொடுப்பீர்களா? படலம் தாளோடு உருகிக் கலந்துவிட்டால், நூறாண்டு கழித்துப் பிரிக்க வருகிறவர் பாடு பெரும்பாடு. கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் பிறகு பிரிக்க முடியுமா? எந்தத் துணி, எந்த நிறம் என்பதெல்லாம் அதற்கடுத்துக் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும் என்று எதிர்பார்க்கிறேன்: சென்னை ஈரத்தில் சுருள் தாங்குமா? தாங்கும், நாம் விட்டால். ஜப்பானியரே ஒரு சுருளை ஆண்டு முழுவதும் தொங்கவிடுவதில்லை. பருவத்துக்கு ஒன்று மாற்றி மாற்றி மாட்டுவார்கள், மற்றவை கிரி என்ற லேசான மரப் பெட்டிக்குள் ஓய்வெடுக்கும். காற்று வறண்ட நாள்களில் எடுத்து உலர்த்துவார்கள். நம் வீட்டில் வெயில் விழும் சுவரும் வேண்டாம், மழைநீர் இறங்கும் வெளிச்சுவரும் வேண்டாம், குளிரூட்டியின் வாய்க்கு நேரேயும் வேண்டாம். சில வாரம் மாட்டுங்கள், நல்ல வறண்ட நாளாகப் பார்த்துச் சுருட்டி வையுங்கள். சுருட்டும்போது இறுக்காதீர்கள்.

மாணவர்களுக்காக இரண்டு சுருள்கள் கொண்டுவந்து அந்த மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கையால் கட்டியது, மற்றது எந்திரத்தில் அழுத்தியது. எது எது என்று எழுதி வைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வாருங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள். முகத்தைத் திருப்பிப் பார்க்காமல், முதுகை மட்டும் தடவி, ஒரு சாண் சுருட்டிப் பார்த்து, எது பிரியும், எது பிரியாது என்று நீங்களே எனக்குச் சொல்லுங்கள்.